எல்லாவற்றையும் பாஸ் செய்த லட்சுமம்மா

1. கோவிந்தசாமியின் புகார்

தொண்ணூறுகளின் நடுவில் ஓசூரில் கியர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். லேப் என்றதும் இரும்பைச் சோதிக்கும் இடம் என்று நினைத்துவிட வேண்டாம். கம்பெனி மெடிக்கல் சென்டருக்குள் எனக்கென்று ஒரு சின்ன அறை. ஒரு மைக்ராஸ்கோப், ஒரு சென்ட்ரிஃப்யூஜ், சுழற்றினால் கத்தும் ஒரு நாற்காலி. ரத்தம், சிறுநீர் பார்ப்பது என் வேலை. சொந்த ஊர் சிவகாசிப் பக்கம். நான் பேசினால் பாதிப் பேருக்குப் புரியாது. அவர்கள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசினால் எனக்கு முக்கால்வாசி புரியாது. அப்படியே ஏழு வருடம் ஓட்டியிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். கியருக்குப் பல் வெட்டும் ஹாபிங் மெஷின் ஆபரேட்டர் கோவிந்தசாமி மூச்சு வாங்க ஓடி வந்தார். கல்லாவி ஊர்க்காரர். ஆள் சைக்கிள் ஸ்போக்ஸ் மாதிரி இருப்பார்.

"சார், லட்சுமம்மாக்காவுக்கு ஒடம்பு சரியில்லீங்க. சீக்கிரம் வாங்க."

"என்னண்ணே செய்யுது? காய்ச்சலா?"

"காய்ச்சலெல்லாம் தெரியலீங்க. என் பீஸை பாஸ் பண்ணிட்டாங்க."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

லட்சுமம்மா ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். முப்பத்தாறு வயது. சானமாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். செய்து முடித்த ஒவ்வொரு கியரும் அவர் மேஜைக்குப் போய்த்தான் வெளியே போகும். சரியாக இருந்தால் பச்சை பெயின்ட், இல்லாவிட்டால் சிவப்பு. அவர் மேஜையில் சிவப்பு டப்பா வாரத்துக்கு ஒன்று தீரும். பச்சை டப்பா காய்ந்து ஆடை கட்டிப் போகும். கேன்டீனில் இட்லியைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் வாங்குவார் என்பார்கள். அது உண்மை. நானே பார்த்திருக்கிறேன்.

நான் போனபோது அவர் மேஜையில் நாற்பது கியர்கள் பச்சைப் பெயின்ட்டோடு வரிசையாக இருந்தன. அதில் ஒன்றுக்கு ஒரு பல்லே இல்லை. இன்னொன்று கியரே இல்லை; யாரோ மேஜையில் வைத்திருந்த டீ டம்ளர். அதற்கும் பச்சை அடித்திருந்தார்.

ஒர்க்ஸ் மேனேஜர் மட்டும் சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தார். "நல்லா போயிட்டிருக்கறப்ப யாருப்பா மெடிக்கலைக் கூப்புட்டது? இன்னைக்குத்தான் டிஸ்பாட்ச் டைமுக்குக் கெளம்பும்போல இருக்கு."

"சார், டம்ளரும் சேர்ந்துதான் கெளம்பும்" என்றார் கோவிந்தசாமி.

லட்சுமம்மாவை நடக்கவைத்து மெடிக்கல் சென்டருக்குக் கூட்டி வந்தோம். கண் லேசாக மஞ்சளித்திருந்தது. கையில் அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. "எங்கயாச்சும் இடிச்சுக்கிட்டீங்களாக்கா?" என்று கேட்டேன். "எனக்கு எதுக்கு இடி? மழையா பெய்யுது?" என்றார். அவர் வேடிக்கையாகப் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. அதுதான் பயமாக இருந்தது.

2. ஐந்து ஸ்லைடு

செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்கு டாக்டர் வரும் நாள். நல்லவேளையாக அன்று இருந்தார். வயதானவர், நிதானமானவர். ரத்தம் எடுக்கச் சொன்னார். எடுத்து எண்ணினேன். ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய பிளேட்லெட் ஒன்பதாயிரம் இருந்தது. மறுபடி எண்ணினேன். அதே ஒன்பதாயிரம்தான்.

ஸ்லைடில் ரத்தத்தை மெலிதாக இழுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சிவப்பணு என்பது உளுந்து வடையை அழுத்தியது மாதிரி வட்டமாக இருக்கும். இங்கே பாதி வடை, கடித்த வடை, முக்கோண வடை, தலைக்கவசம் மாதிரி ஒன்று. எல்லாம் நொறுங்கிக் கிடந்தன.

டாக்டர் பார்த்துவிட்டு, "ஸ்மியர் சரியா இழுக்கலப்பா நீ. அழுத்தி இழுத்தா செல் ஒடையும்" என்றார்.

அப்படியும் இருக்கலாம். எனக்கும் என் கைமேல் சந்தேகம் வந்துவிட்டது. அப்போது கட்டிலில் படுத்திருந்த லட்சுமம்மா தலையைத் தூக்கினார். இந்த நோயில் தெளிவு வரும், போகும். அது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அந்த நிமிஷம் அவருக்குத் தெளிவு வந்திருந்தது.

"எத்தனை சாம்பிள் பாத்தே?"

"ஒண்ணுக்கா."

"ஒரு பீஸைப் பாத்துட்டு மொத்த லாட்டும் கெட்டுப்போச்சுன்னு சொல்லுவியா? அஞ்சு எடு. ஆபரேட்டரு தப்பா, மெட்டீரியலு தப்பான்னு அப்பத்தான் தெரியும்."

சொல்லிவிட்டு மறுபடி படுத்து, உத்தரத்தைப் பார்த்துத் தெலுங்கில் யாருடனோ தக்காளி விலை பேச ஆரம்பித்தார்.

ஐந்து ஸ்லைடு போட்டேன். ஒன்றை டாக்டரையே இழுக்கச் சொன்னேன். ஐந்திலும் அதே உடைந்த செல்கள். என் ரத்தத்தையும் ஒரு சொட்டு எடுத்து, அதே கையால் இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் உடையவில்லை. ஆபரேட்டர் தப்பு இல்லை என்று ஆனது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "படிக்கிறப்ப புஸ்தகத்துல பாத்தது. நேர்ல பாக்கல. பிளேட்லெட் கம்மி, செல் ஒடையுது, புத்தி தடுமாறுது. மூணும் ஒண்ணா வந்தா ஒரே நோய்தான். டி.டி.பி.ன்னு பேரு." பிறகு குரலை இறக்கினார். "விட்டா பொழைக்க மாட்டாங்க. பெங்களூருக்கு இப்பவே வண்டி எடுங்க."

3. செக்போஸ்ட் கணக்கு

பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் ரத்த நோய் மருத்துவர் ஒருவர் இருந்தார். பெரிய மீசை வைத்தவர். நான் கொண்டுபோன ஐந்து ஸ்லைடுகளைப் பார்த்ததும் வார்டுக்கு ஓடினார். அவர் குனிந்து லட்சுமம்மாவின் கண்ணில் டார்ச் அடித்தபோது லட்சுமம்மா அவர் மீசையை இரண்டு விரலால் பிடித்து அளந்தார்.

"வலது பக்கம் அரை எம்எம் ஜாஸ்தி. ரீஒர்க்."

நர்ஸ்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மருத்துவர் சிரிக்கவில்லை. "இது மூளைக்குப் போற சின்ன ரத்தக் குழாய்ல அடைப்பு. சிரிக்காதீங்க" என்றார். ஆனாலும் வெளியே வந்தபோது கண்ணாடி ஜன்னலில் மீசையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

லட்சுமம்மாவின் கணவர் முனிராஜ் சாயந்தரம்தான் வந்து சேர்ந்தார். ராகியும் தக்காளியும் போடுகிறவர். சேதி போன நேரத்தில் ரோட்டில் யானை நின்றதாம். "யானை வழி விடலீங்க" என்று அவர் சொல்ல, வார்டு நர்ஸ் அவர் வாயை மோந்து பார்த்தார். பாவம், அவர் டீ தவிர எதுவும் குடிக்காதவர்.

அவர் கேட்ட முதல் கேள்வி நியாயமானது. "பிளேட்லெட்டு கம்மின்னா பிளேட்லெட்டு ஏத்துங்களேன். ஏன் ஏத்த மாட்டேங்கறாங்க?"

மருத்துவர் எனக்கு ஆங்கிலத்தில் விளக்கியதை நான் அவருக்கு எப்படிச் சொல்வது என்று முழித்தேன். பிறகு அன்று நாங்கள் வந்த வழி ஞாபகம் வந்தது.

"அண்ணே, அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுல லாரி எல்லாம் முட்டிக்கிட்டு நிக்கும்ல? பிளேட்லெட்டுங்கறது லாரி. எல்லா லாரியும் செக்போஸ்ட்டுல மாட்டிக்கிச்சு. அதனால மத்த ரோட்டுல லாரியே இல்லாத மாதிரி தெரியுது. கவுண்ட்டு கம்மியாத் தெரியுறது அதனாலதான். இப்ப இன்னும் பத்து லாரியை அனுப்புனா என்ன ஆகும்?"

"இன்னும் ஜாம் ஆவும்."

"அதேதான். அந்த லாரிக்கு நடுவுல சைக்கிள்காரன் நொழையுறான். ஹேண்டில்பார் வளைஞ்சு, மட்கார்டு கிழிஞ்சு வெளிய வர்றான். அதுதான் நான் பாத்த ஒடஞ்ச செல்லு."

முனிராஜ் இன்னும் கிட்ட வந்தார். "அப்ப ஜாமை யாரு எடுக்கறது?"

அதற்குத்தான் ரத்தத்தைப் பிரித்து மாற்றும் ஒரு மெஷின் அங்கே இருந்தது. நம் ரத்தத்தில் செல்கள் மிதக்கும் மஞ்சள் தண்ணீருக்குப் பிளாஸ்மா என்று பெயர். லட்சுமம்மாவின் பிளாஸ்மாவில் ஏதோ கெட்டிருக்கிறது, அதனால்தான் பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. அதை எடுத்துவிட்டு மற்றவர்களின் பிளாஸ்மாவைக் கொடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள் என்று மருத்துவர் சொன்னார். "ஏன்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாது" என்றும் சொன்னார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது அந்த வார்த்தையில்தான். பிளேட்லெட்டை ஒட்டவைக்கும் நீளமான இழைகளை வெட்டிச் சிறிதாக்க ஒரு என்சைம் இருக்கிறது, இந்த நோயாளிகளின் உடம்பு அந்தக் கத்தரிக்கோலையே எதிரியாக நினைத்து முடக்கிவிடுகிறது என்பதைச் சில வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். பிளாஸ்மாவை மாற்றும்போது முடக்குகிற பொருள் வெளியே போகிறது, அடுத்தவரின் கத்தரிக்கோல் உள்ளே வருகிறது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பை பிளாஸ்மா வேண்டும், தினமும் வேண்டும்.

4. கூலன்ட் மாற்றுதல்

மருத்துவமனையிடம் உறைய வைத்த பிளாஸ்மா இருப்பு கொஞ்சம் இருந்தது. அவர்கள் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, ஈடாக நாங்கள் ஆள் கொண்டுவந்து ரத்தம் கொடுக்க வேண்டும். மறுநாள் காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மெஷின் ஷாப்பில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்றேன். எதிரே நின்ற நூற்றைம்பது பேரில் லட்சுமம்மாவிடம் ரிஜெக்ட் வாங்காதவர் ஒருவரும் இல்லை.

"கிரைண்டிங் மெஷின்ல கூலன்ட் கெட்டுப்போனா என்ன பண்ணுவீங்க? வடிச்சுட்டுப் புதுசு ஊத்துவீங்க. அக்காவுக்கு இப்ப அதைத்தான் பண்றாங்க. மெஷின் ஓடிக்கிட்டிருக்கும்போதே மாத்தணும், அவ்வளவுதான் வித்தியாசம்."

இரும்பை வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் திரவம்தான் கூலன்ட். உடனே கேள்விகள் வந்தன. பழைய கூலன்ட்டை எங்கே கொட்டுவார்கள்? ஃபில்டர் போட்டு அதையே திரும்ப ஊற்றலாமே? கடைசியில் பெரிய பிரச்சினை வந்தது. லட்சுமம்மா ஓ குரூப். "ஓ குரூப்புக்கு ஓ குரூப்புதான் சேரும், எங்களை ஏமாத்தாதே" என்று நாலைந்து பேர் என்னையே மடக்கினார்கள். ரத்தத்துக்கு அது சரி, பிளாஸ்மாவுக்குக் கணக்கு தலைகீழ், ஓ குரூப்காரருக்கு யார் பிளாஸ்மாவும் சேரும் என்று சொன்னேன். நம்பவில்லை. வரைந்து காட்டினேன், நம்பவில்லை. கடைசியில் கோவிந்தசாமி பெட்டியில் ஏறினார்.

"அக்கா அங்க சாவக் கெடக்குது. இங்க நாம குரூப்பு பாத்துக்கினு நிக்கறோம். என் பீஸை எத்தனை தடவை ரிஜெக்ட் பண்ணியிருக்கும்? நானே வண்டியில ஏறுறேன். வர்றவன் வா."

முதல் நாளே பதினான்கு பேர் ஏறினார்கள்.

ரத்த வங்கியில் எடை பார்த்தார்கள். நாற்பத்தைந்து கிலோ இருக்க வேண்டும். கோவிந்தசாமி நாற்பத்து மூன்று. "ஆகல்லா" என்று சிஸ்டர் கன்னடத்தில் கையை விரித்தார். கோவிந்தசாமி என் பக்கம் திரும்பி, "அக்கா இங்கயும் ஆள் வெச்சிருக்குது சார்" என்றார்.

மறுநாள் அவர் எடை நாற்பத்தெட்டு. ஒரே நாளில் ஐந்து கிலோ. சிஸ்டர் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார். கோவிந்தசாமி கம்பீரமாக எடை மெஷினிலிருந்து இறங்கினார். இறங்கிய வேகத்தில் பேன்ட் இறங்கியது. இரண்டு பாக்கெட்டிலிருந்தும் ஆறு கியர்கள் தரையில் விழுந்து ரத்த வங்கி முழுக்க உருண்டன. ஒன்று மருத்துவரின் செருப்பில் முட்டி நின்றது.

நான் அவரை வெளியே கூட்டிப்போய்த் திட்டினேன். எடை விதி உங்கள் உயிருக்காக வைத்தது, அதில் விளையாடக் கூடாது என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. "அப்ப நான் என்னாதான் சார் பண்றது?" என்றார். ஆள் சேர்க்கச் சொன்னேன். அன்றிலிருந்து தினமும் காலை வேனை நிரப்பி அனுப்புவது அவர் பொறுப்பு. அஞ்செட்டியிலிருந்து மச்சான்கள் இரண்டு பேரைக்கூட வரவழைத்தார்.

மூன்றாம் நாள் ஒர்க்ஸ் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "தெனமும் பன்னண்டு பேர் போனா கியரை யாருப்பா வெட்டறது? நீ வெட்டறியா?" என்று கத்தினார். "ஒரு தடவை வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க சார்" என்றேன். வந்தார். மெஷினோடு இணைத்துக் கிடந்த லட்சுமம்மாவைப் பார்த்தார். ஒரு குழாயில் ரத்தம் வெளியே வர, மெஷின் சுழற்றிப் பிரித்து, கலங்கிய பிளாஸ்மாவை ஒரு பையில் தள்ள, செல்கள் புதிய பிளாஸ்மாவோடு இன்னொரு குழாயில் திரும்பிப் போயின. ஐந்து நிமிடம் நின்றவர், "நானும் குடுக்கறேன்" என்று சட்டைக் கையை மடித்தார். விரலில் ஹீமோகுளோபின் பார்க்கக் குத்தியதும் மயங்கி விழுந்தார். தொண்ணூறு கிலோ. ரத்தம் கொடுத்துவிட்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்த நான்கு பேர் எழுந்து வந்து தூக்கினார்கள். அதன்பிறகு வேனைப் பற்றி அவர் பேசவே இல்லை.

5. மாங்கூழ்

மூன்று நாள் ஆகியும் கவுண்ட் பதினைந்தாயிரத்தைத் தாண்டவில்லை. லட்சுமம்மா கணவரை "யாரு நீங்க?" என்று கேட்டார். முனிராஜ் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நான்காம் நாள் காலை இன்னொரு இடி. மருத்துவமனையில் பிளாஸ்மா இருப்பு தீரப்போகிறது. எங்கள் ஆட்கள் கொடுத்த ரத்தம் சோதனை முடிந்து பிளாஸ்மாவாக வர இன்னும் ஒரு நாள் ஆகும். கிருஷ்ணகிரியைத் தாண்டி ஒரு மருத்துவமனையில் பத்துப் பை கிடைக்கும் என்று தகவல் வந்தது. கேன்டீனின் ஐஸ் பெட்டியை வேனில் ஏற்றி, ஐஸும் உப்பும் போட்டு, பைகளை அடுக்கிக்கொண்டு திரும்பினோம். உறைந்த பிளாஸ்மா மஞ்சள் செங்கல் மாதிரி இருக்கும். கைதவறிப் போட்டால் பை விரிசல் விட்டுவிடும்.

எல்லை செக்போஸ்ட்டில் அன்று லாரிகள் இரண்டு கிலோமீட்டருக்கு நின்றன. நான் முனிராஜுக்குச் சொன்ன விளக்கத்துக்குள் நானே மாட்டிக்கொண்டேன். வேனிலிருந்து இறங்கி ஓடிப்போய் அங்கே நின்ற போலீஸ்காரரைக் கூட்டி வந்தேன். பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"மாங்கூழா?"

கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து மஞ்சளாக எது வந்தாலும் மாங்கூழ்தான். அவரைக் குறை சொல்ல முடியாது.

"இல்லண்ணே, இது..."

"சாம்பிளு கொண்டு போறியா? ஒண்ணு குடு, வெயிலுக்கு நல்லாருக்கும்." சொல்லிக்கொண்டே ஒரு பையை எடுத்துவிட்டார்.

"அண்ணே, அது மனுச ரத்தத்துல எடுத்ததுண்ணே!"

அவர் கை உதறியது. பை மேலே பறந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் டீமில் சேர்க்கப்படாதவன். அன்று ரோட்டில் விழுந்து புரண்டு பிடித்தேன். முட்டி இரண்டும் பெயர்ந்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னதும் அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "எத்தனை கொழந்தை அந்தம்மாவுக்கு?" என்று கேட்டார். இரண்டு என்றேன். விசிலை வாயில் வைத்தவர், எங்கள் வேனுக்கு முன்னால் ஓடினார். லாரிகளை அப்படித் திட்டி ஒதுக்கினார். இரண்டு கிலோமீட்டர் கூட்டம் பத்து நிமிடத்தில் எங்களுக்கு வழி விட்டது.

6. ரிஜெக்ட்

அன்று பிற்பகல் பைகளை வெந்நீர்த் தொட்டியில் உருகவைத்து, ஒவ்வொன்றாக மெஷினில் மாட்டினார்கள். லட்சுமம்மா கண்ணை மூடிக் கிடந்தார். உதடு மரத்துப்போகிறது என்று முனகினார். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் மருந்து கால்சியத்தைக் குறைக்கும், அதனால் வருவது. கால்சியம் கொடுத்தார்கள். ஆறு பை முடிந்தது. ஏழாவது பையை பிளாஸ்மா மெஷினின் ஆபரேட்டர் எடுத்துக் கம்பியில் மாட்டப் போனார்.

"அது லீக்கு."

குரல் மெலிதாக இருந்தது. நாங்கள் திரும்பிப் பார்த்தோம். லட்சுமம்மா பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ்மூலையில பாரு. ஒரு சொட்டு நிக்குது. வேணாம் அது. ரிஜெக்ட்."

ஆபரேட்டர் பையை வெளிச்சத்தில் பிடித்தார். மூலையில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். ரோட்டில் நான் பிடித்த பையேதான். கிருமி புகுந்திருந்தால் அவர் நிலைமைக்கு அதுவே போதும். பையைத் தூக்கிப் போட்டார்கள்.

கதவருகே நின்ற கோவிந்தசாமி வாசலுக்கு ஓடினார். "அக்கா ரிஜெக்ட் பண்ணிட்டாங்க! அக்கா ரிஜெக்ட் பண்ணிட்டாங்க!" வராண்டாவில் இருந்த எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். விசில்கூடக் கேட்டது. என்ன நடக்கிறது என்று தெரியாத அடுத்த வார்டுக்காரர்கள் யாருக்கோ குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். முனிராஜ் கட்டிலருகே வந்தார். லட்சுமம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சட்டை பட்டன் மாத்திப் போட்டிருக்கே."

அவர் பட்டனைச் சரிசெய்யவில்லை. அப்படியே நின்று அழுதார்.

மறுநாள் கவுண்ட் நாற்பதாயிரம். அதற்கடுத்து எண்பது. ஒன்பது தடவை பிளாஸ்மா மாற்றினார்கள். ஒன்றரை லட்சத்தைத் தாண்டி நின்றபிறகுதான் மெஷினைக் கழற்றினார்கள். என் ஸ்லைடிலும் சிவப்பணுக்கள் வட்டமாகிவிட்டன. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர், "இது திரும்ப வரக்கூடிய நோய். சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளியா வந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீங்க" என்றார்.

7. கேட்

அடுத்த பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு லட்சுமம்மா என் அறைக்குள் வந்தார். முகம் வெளிறியிருந்தது. சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். இரண்டு காலிலும் கடுகு கடுகாகச் சிவப்புப் புள்ளிகள்.

"காலையில வேலைக்குக் கெளம்பறப்ப பாத்தேன். அவருகிட்ட சொல்லல" என்றார்.

தோலுக்கடியில் ரத்தம் கசிந்த புள்ளியென்றால் கண்ணாடி ஸ்லைடால் அழுத்தினாலும் மறையாது. அழுத்தினேன். மறையவில்லை. பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் அவர் கையில் ரத்தம் எடுத்தேன். எடுத்த இடத்தில் வைக்கக் கொடுத்த ஸ்பிரிட் பஞ்சை அவர் எடுத்துக் காலைத் துடைத்தார். பஞ்சு செங்காவியாகிவிட்டது. புள்ளியைக் காணோம்.

இரண்டு பேரும் பஞ்சையே பார்த்தோம்.

"நேத்து சாயந்தரம் அவரு வீட்டு கேட்டுக்கு ரெட் ஆக்ஸைடு பெயின்ட்டு அடிச்சாரு" என்றார் மெதுவாக. "நான்தான் பக்கத்துல நின்னு, அங்க விட்டுப்போச்சு இங்க விட்டுப்போச்சுன்னு சொல்லிட்டிருந்தேன்."

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. பஞ்சால் காலை இன்னும் துடைத்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்ததும் என் சிரிப்பு வெட்கமாகிப் போனது. காலையிலிருந்து செத்துப் பிழைத்து வந்திருக்கிறார். நான் பெயின்ட்டைப் பார்த்துச் சிரிக்கிறேன். எடுத்த ரத்தத்தைக் கொட்டாமல் உட்கார்ந்து எண்ணினேன். ஸ்மியரும் பார்த்தேன். இரண்டு லட்சத்துக்கு மேல், எல்லாம் ஒழுங்கு. சீட்டில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். படித்து, மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டபிறகுதான் அவர் சிரித்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த ஐந்து நிமிடம் ஆயிற்று. நானும் கூடச் சேர்ந்துகொண்டேன்.

லேப் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பயந்து வருகிறவர் எவ்வளவு அசட்டுத்தனமான காரணத்தோடு வந்தாலும் முதலில் ரத்தத்தை எடுங்கள், ஒழுங்காக எண்ணுங்கள், முடிவை அவர் கையில் கொடுங்கள். அதற்குப் பிறகு அவர் சிரித்தால் நீங்களும் சிரிக்கலாம்.